'ஆள் தேவை': வங்கி வேலைச் செய்தி நடந்து வந்த வழி



அரசர்களின் வரலாற்றைப் படிக்கிறோம். போர்களின் வரலாற்றைப் படிக்கிறோம். ஆனால், 'ஆள் தேவை' என்ற இரண்டு சொற்களின் வரலாற்றை நாம் படிப்பதில்லை. ஓரிடத்தில் ஒரு வேலை காலியாக இருக்கிறது. அந்தச் செய்தி யார் காதில் விழுகிறதோ அவர் போய் நிற்கிறார். காதில் விழாதவர், அவரைவிட நன்றாகப் படித்திருந்தாலும், வீட்டில் இருந்துவிடுகிறார். அப்படியானால் இந்தச் செய்தி யார் கையில் இருந்தது, எப்படிக் கைமாறியது, அதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் உழைக்கும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு அல்லவா?

இதற்கு வங்கி வேலையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது கதவை நன்றாகச் சாத்திக்கொண்டிருந்த தொழில்களில் ஒன்று. அந்தக் கதவு எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது என்று பார்த்தால், மற்றத் தொழில்களின் கதையும் விளங்கிவிடும். இந்தக் கதையின் பிற்பகுதியில் ஓர் இணையத்தளம் வருகிறது. வங்கியிலும் நிதி நிறுவனங்களிலும் வேலை தேடுவோருக்காக மட்டும், 2000-ஆம் ஆண்டு லண்டன் நகரில் தொடங்கப்பட்ட தளம் அது. அதன் பெயர் இ-ஃபைனான்சியல் கெரியர்ஸ். 'இணையத்தளமா, அது பிள்ளைகள் சமாச்சாரம்' என்று பெரியவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். பிள்ளைகள் கைத்தொலைபேசியில் திறந்து பார்க்கும் பக்கம்தான் அது. அங்கே நடப்பது பழைய கதைதான்.

முதலில் லண்டனுக்குப் போவோம். இங்கிலாந்து வங்கி 1694-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அங்கே எழுத்தர் வேலைக்கு, நம் தோட்டத்துப் பேச்சில் சொன்னால் கிராணி வேலைக்கு, ஒருவர் எப்படிச் சேர்ந்தார்? நாளிதழ் பார்த்து மனுப்போட்டு அல்ல. வங்கியின் இயக்குநர்களில் ஒருவர் அந்த இளைஞரின் பெயரை முன்மொழிய வேண்டும். 'இந்தப் பையன் நாணயமானவன்' என்று சொல்வதற்குப் பெரிய மனிதர் இருக்க வேண்டும். பணம் கையாடப்பட்டால் ஈடுகட்டுவதற்குப் பிணை கொடுப்பவரும் வேண்டும். பிறர் பணத்தைக் காப்பது வங்கியின் தொழில். ஆகவே முன்பின் தெரியாதவரை உள்ளே விட அது அஞ்சியது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதனால் விளைந்தது என்ன? இயக்குநரைத் தெரிந்த குடும்பத்துக்கு வேலை கிடைத்தது. தெரியாத குடும்பத்துக்கு வேலை இருப்பதே தெரியவில்லை. பெண்களின் நிலை இன்னும் மோசம். வங்கி தொடங்கி 200 ஆண்டுகள் கழித்து, 1894-இல்தான், இங்கிலாந்து வங்கி பெண்களை எழுத்தர்களாகச் சேர்த்தது. திரும்பி வந்த பணத்தாள்களை எண்ணிப் பிரிப்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

இது வெள்ளைக்காரர் ஊரின் வழக்கம் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. நம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வட்டித் தொழில் நடத்திய செட்டியார் கிட்டங்கிகளை நினைத்துப் பாருங்கள். கோலாலம்பூரில் அம்பாங் தெருவிலும் சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவிலும் அவை இருந்தன. முதலாளி ஊரில் இருப்பார். இங்கே முகவர் தொழிலை நடத்துவார். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். அந்தப் பையன் எங்கிருந்து வந்தான்? உறவிலிருந்தும் ஊரிலிருந்தும் வந்தான். தகப்பனாரைத் தெரியும், பாட்டனாரைத் தெரியும், ஆகவே பையனை நம்பலாம் என்பதுதான் கணக்கு. ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் லண்டன் வங்கியும் மலாயாக் கிட்டங்கியும் ஒரே முறையைக் கைக்கொண்டன. நம்பிக்கையை அளக்க வேறு கோல் இல்லாத காலத்தில், தெரிந்த முகம்தான் கோலாக இருந்தது.

நம் சொந்தக் கதைக்கு இது எவ்வளவு நெருக்கமானது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பால்மரக் காட்டுக்கு ஆள் தேவை என்ற செய்தியைத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டு போனவர் கங்காணி. அவர் தம் ஊரிலும் தம் உறவிலும் ஆள் சேர்த்தார். சேர்த்த ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. செய்தி அவர் வாயில் இருந்தது. சம்பளம் எவ்வளவு, வேலை எப்படி, தண்ணீர் எப்படி, காய்ச்சல் உண்டா என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் தெரியும். உண்மை சொன்ன கங்காணிகளும் இருந்தார்கள், சொல்லாதவர்களும் இருந்தார்கள். சரிபார்க்க வழி இல்லை. தொடக்கக் காலத்தில் பயணச் செலவும் முன்பணமும் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறின. பிறகு 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. ஆள் வைத்திருந்த முதலாளிமாரிடம் வரி பெற்று, அதிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. 1938-இல் இந்திய அரசு இந்த ஆள் சேர்ப்பையே நிறுத்தியது. இங்கே ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஆளைத் தேடும் செலவை வேலை தேடுபவர் சுமப்பதா, வேலை கொடுப்பவர் சுமப்பதா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

செய்தியை ஒரு மனிதரின் வாயிலிருந்து பிடுங்கி ஊரறியச் செய்த முதல் கருவி நாளிதழ். லண்டனின் டைம்ஸ் நாளிதழ் 1966-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள்வரை தன் முதல் பக்கத்தில் செய்தியை வைக்கவில்லை. சிறு விளம்பரங்களைத்தான் வைத்தது. உலகில் எது நடந்தாலும் முதல் பக்கம் விளம்பரத்துக்கே! விளம்பரத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. காசு கொடுத்து நாளிதழ் வாங்கியவர் எவராயினும் 'ஆள் தேவை' என்பதைப் படிக்க முடிந்தது. ஆனாலும் குறைகள் இருந்தன. வரிக் கணக்கில் கட்டணம் என்பதால் விளம்பரம் சுருக்கமாக இருக்கும். சம்பளம் குறிக்கப்பட்டிருக்காது. பல நேரங்களில் நிறுவனத்தின் பெயரே இராது. ஓர் எண்ணைக் கொடுத்து அதற்கு எழுதச் சொல்வார்கள். மனு எழுதித் தபாலில் சேர்த்த பிறகு பதில் வருமா, வராதா என்று காத்திருக்க வேண்டும்.

அரசாங்கமும் கை வைத்தது. பிரிட்டனில் 1910-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் 60-க்கும் மேற்பட்ட வேலைவாய்ப்பு நிலையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. அப்போது வாணிகத் துறையைக் கவனித்த அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். திட்டத்துக்கு மூளையாக இருந்தவர் வில்லியம் பெவரிட்ஜ். வேலையில்லாதவர் தெருத்தெருவாக அலைந்து ஆலை வாசலில் நிற்க வேண்டாம். ஓரிடத்தில் போய்ப் பெயரைப் பதிந்தால் போதும் என்பது நோக்கம். 1919-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறுவப்பட்டபோது, அதன் இரண்டாவது ஒப்பந்தமே, அரசுகள் இலவச வேலைவாய்ப்பு நிலையங்களை நடத்த வேண்டும் என்று கூறியது. ஆனால் பிரிட்டனின் நிலையங்கள் பெரும்பாலும் கைத்தொழிலாளருக்கே பயன்பட்டன. வங்கியின் உயர்ந்த வேலைகள் அந்தப் பலகையில் வந்து தொங்கவில்லை.

வங்கித் தொழிலின் கதவை உடைத்தது வேறு ஒரு நிகழ்ச்சி. 1986-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தையின் பழைய விதிகள் நீக்கப்பட்டன. அதைப் 'பெரு வெடிப்பு' என்று அழைத்தார்கள். அதுவரை தரகுக் கட்டணம் எவ்வளவு என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளருக்காகப் பங்கு வாங்குபவர் ஒருவர், பங்கை வைத்திருந்து விற்பவர் இன்னொருவர் என்று தொழில் பிரிந்திருந்தது. அந்தப் பிரிவும் போயிற்று. கட்டண விதியும் போயிற்று. கூச்சலிட்டு வாங்கி விற்ற கூடத்தை விட்டு, கணினித் திரையின் முன் வணிகம் நடக்கத் தொடங்கியது. அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய வங்கிகள் லண்டனுக்கு வந்து பழைய நிறுவனங்களை வாங்கின.

இதன் விளைவு என்ன? வந்த வங்கிக்கு ஆள் வேண்டும், உடனே வேண்டும். இயக்குநரின் நண்பர் மகனுக்காகக் காத்திருக்க நேரம் இல்லை. கணக்குத் தெரிந்தவர், கணினி தெரிந்தவர், அயல்நாட்டு மொழி தெரிந்தவர் எங்கே இருந்தாலும் வேண்டும். ஒரே வங்கியில் சேர்ந்து அங்கேயே நரைத்து ஓய்வு பெறும் வழக்கமும் தளர்ந்தது. இப்போது ஒரு புதிய கங்காணி உள்ளே வந்தார். ஆள்தேடும் முகவர்கள் என்பவர்கள் அவர்கள். நேர்த்தியான சட்டை, கழுத்துப்பட்டை, கையில் தொலைபேசி. எந்த வங்கியில் எவர் மனக்குறையோடு இருக்கிறார் என்று தெரிந்து வைத்திருப்பார்கள். ஆளைக் கொண்டுவந்து சேர்த்தால், அந்த ஆளின் முதலாண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கை வங்கியிடம் கட்டணமாகப் பெறுவார்கள். தலைக்காசு என்று நம் பாட்டன்மார் சொன்னார்களே, அதுதான். பெயர் மட்டும் வேறு. ஆக, செய்தி மீண்டும் ஒரு சிலரின் வாய்க்குள் போய்விட்டது.

இந்த நிலையில்தான் உலகளாவிய வலை வந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989-இல் அதற்கான திட்டத்தை எழுதினார். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அந்த ஆய்வுக்கூடம் அதை உலகுக்குக் கொடுத்துவிட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஜெஃப் டெய்லர் என்பவர் மான்ஸ்டர் என்ற வேலை விளம்பரத் தளத்தைத் தொடங்கினார். 1997-இல் இந்தியாவில் நௌக்ரி தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் நம் மலேசியாவில் ஜாப்ஸ்டிரீட் தொடங்கப்பட்டது. நாளிதழின் பத்தியில் மூன்று வரியாக இருந்த விளம்பரம், இப்போது ஒரு பக்கமாக விரிந்தது. இன்று போட்டதை இன்றே படிக்கலாம். கோலக் கிள்ளானில் இருப்பவரும் படிக்கலாம். கூலாயில் இருப்பவரும் படிக்கலாம்.

ஆனால் எல்லாருக்கும் திறந்த கடையில் ஒரு தொல்லை உண்டு. நம் தோட்டத்து மளிகைக் கடையில் அரிசி, மண்ணெண்ணெய், சவர்க்காரம் எல்லாம் கிடைக்கும். ஆனால் மகளுக்குத் தாலி செய்ய வேண்டுமானால் மளிகைக் கடைக்கா போவோம்? பொற்கொல்லரிடம் போவோம். வங்கிகளும் அப்படித்தான் நினைத்தன. பொதுத் தளத்தில் ஒரு விளம்பரம் போட்டால் மனுக்கள் மழையாகக் கொட்டும். அவற்றில் அந்த வேலைக்குத் தகுந்தவை எத்தனை என்று பிரித்துப் பார்ப்பதற்கே தனியாக ஆள் போட வேண்டும். அந்தக் குறையை நிரப்பத்தான் ஜான் பென்சன் என்பவர் 2000-ஆம் ஆண்டு லண்டனில் இ-ஃபைனான்சியல் கெரியர்ஸ் தளத்தைத் தொடங்கினார்.

தொடங்கிய காலம் நல்ல காலம் அன்று. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை உச்சத்தைத் தொட்டுச் சரியத் தொடங்கியது. இணைய நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தன. ஆனால் இந்தத் தளம் நின்றது. எப்படி நின்றது என்பதைப் புரிந்துகொள்ள, அது எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

வேலை தேடுபவர் தம் படிப்பையும் பட்டறிவையும் எழுதித் தளத்தில் பதிகிறார். அதற்குக் கட்டணம் இல்லை. தமக்கு வேண்டிய வேலை எது என்று குறித்து வைத்தால், அத்தகைய வேலை வரும்போது மின்னஞ்சல் வருகிறது. விளம்பரம் போடுபவர் பணம் கொடுக்கிறார். பதிவான விவரங்களுக்குள் ஆள் தேடிப் பார்க்க விரும்புபவரும் பணம் கொடுக்கிறார். பணம் கொடுப்பவர்கள் யார்? வங்கிகளும் உண்டு, நான் முன்பு சொன்ன ஆள்தேடும் முகவர்களும் உண்டு. இணையம் வந்தால் இடைத்தரகர் ஒழிந்துபோவார் என்று பலர் சொன்னார்கள். அவர் ஒழியவில்லை. புதிய சந்தையில் காசு கொடுத்துக் கடை எடுத்துக்கொண்டார். ஆனால் ஒரு மாறுதல் உண்மையிலேயே நடந்தது. முன்பு அவர் சொன்னால்தான் வேலை இருப்பது தெரியும். இப்போது அவர் கடையின் பலகையை எல்லாரும் படிக்கலாம்.

இன்னொரு செயலையும் அந்தத் தளம் செய்தது. வேலை விளம்பரத்தோடு செய்தியும் வெளியிட்டது. எந்த வங்கி ஆள் எடுக்கிறது, எது ஆட்குறைப்புச் செய்கிறது, எந்த வேலைக்கு என்ன சம்பளம், ஆண்டு இறுதி ஊக்கத்தொகை எவ்வளவு என்றெல்லாம் எழுதியது. சம்பளம் என்பது வங்கித் தொழிலில் வாய்விட்டுப் பேசாத பொருள். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று தெரியாத ஊழியர், தமக்குக் குறைவாகக் கொடுக்கப்படுகிறதா என்று எப்படி அறிவார்? சம்பளச் செய்தி வெளியே வந்ததும், பேரம் பேசும்போது ஊழியரின் கையில் ஒரு பிடிப்பு வந்தது. தொழிற்சங்கம் கண்ட நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இதன் மதிப்பு நன்றாகத் தெரியும்.

2006-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் டைஸ் என்ற நிறுவனம் இந்தத் தளத்தை வாங்கியது. டைஸின் கதையும் சுவையானது. அது கணினித் தொழிலாளருக்கு மட்டும் வேலை தேடித் தரும் அமைப்பாக 1990-இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில், இணையம் பரவுவதற்கு முன்பே, தொலைபேசி வழியாக எட்டும் கணினிப் பலகையாகத் தொடங்கியது. 2003-இல் கடன் சுமை தாங்காமல் நீதிமன்றத்தில் திவால் காப்புக் கேட்டு, கடனைச் சீரமைத்து அதே ஆண்டில் மீண்டது. விழுந்து எழுந்து, மூன்று ஆண்டுகளில் இன்னொரு நிறுவனத்தை வாங்கும் நிலைக்கு வந்தது. 2007 ஜூலையில் நியூயார்க் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது.

பிறகு 2008 வந்தது. செப்டம்பர் 15-ஆம் நாள் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலாயிற்று. 1850-இல் தொடங்கிய நிறுவனம் அது. சுமார் 25,000 பேர் அதில் வேலை பார்த்தார்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் அதன் ஊழியர்கள் தங்கள் பொருள்களை அட்டைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு வெளியே வந்த படங்கள் உலகெங்கும் வெளியாயின. செம்பனை விலை விழுந்தால் நம் வீட்டு அடுப்பு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். உயர்ந்த கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தவர்களுக்கும் அதே கதிதான் நேர்ந்தது. வேலை தேடுவோர் பெருகினார்கள். 'ஆள் தேவை' என்ற பலகை சுருங்கியது. விளம்பரக் கட்டணத்தில் வாழும் தளத்துக்கு வருமானம் குறைந்தது. ஒரே பயிரை நம்பிய நிலத்தில் அந்தப் பயிருக்கு நோய் வந்தால் எப்படியோ, ஒரே தொழிலை நம்பிய தளத்துக்கும் அப்படியே. பொற்கொல்லருக்குத் தனி மதிப்பு உண்டு. பொன் வாங்க ஆளில்லாத ஆண்டில் தனித் துன்பமும் உண்டு. ஆனால் அந்தத் தளம் லண்டனோடு நின்றுவிடவில்லை. சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற நிதி நகரங்களுக்கும் பக்கங்களைத் திறந்திருந்தது.

இதற்கிடையே போட்டியும் பெருகியது. 2003-இல் லிங்க்டின் வந்தது. எல்லாத் தொழிலாளரும் தம் விவரத்தை எப்போதும் திறந்து வைத்திருக்கும் இடம் அது. 2004-இல் இண்டீட் வந்தது. பல தளங்களில் இருந்த விளம்பரங்களை ஒரே இடத்தில் தேடிக் காட்டியது அது. நம் ஜாப்ஸ்டிரீட்டை 2014-இல் ஆஸ்திரேலியாவின் சீக் நிறுவனம் வாங்கியது. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் என்பார்கள். ஆனால் எல்லாப் பெரிய மீனும் பிழைக்கவில்லை. முதலில் புகழ்பெற்ற மான்ஸ்டர், கெரியர்பில்டர் என்ற மற்றொரு பெருந்தளத்தோடு 2024-இல் இணைந்தும், 2025 ஜூன் மாதத்தில் திவால் காப்புக் கேட்டு நீதிமன்றம் போயிற்று. சின்னத் தளமான இ-ஃபைனான்சியல் கெரியர்ஸோ 2021-இல், டைஸ் குழுமத்திலிருந்து பிரிந்து, தன்னை நடத்திவந்த நிருவாகிகளின் கைக்கே பெரும்பங்கு உரிமையோடு திரும்பியது. எல்லாம் விற்பேன் என்றவர் தள்ளாட, ஒன்றை நன்றாக விற்றவர் இருபது ஆண்டுகளைக் கடந்து நின்றார்.

சரி, செய்தி ஊரறிந்ததாகிவிட்டது. கதவும் திறந்துவிட்டதா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

2004-ஆம் ஆண்டு இரண்டு பொருளியல் அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவர் மரியான் பெர்ட்ராண்ட். மற்றவர் செந்தில் முல்லைநாதன். பாஸ்டன், சிக்காகோ நகரங்களின் நாளிதழ் விளம்பரங்களுக்கு அவர்கள் ஏறத்தாழ 5,000 மனுக்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றுபோல் இருக்க, பெயர்களை மட்டும் மாற்றினார்கள். வெள்ளையரின் பெயர் என்று தோன்றிய மனுக்களுக்கு, கறுப்பரின் பெயர் என்று தோன்றியவற்றைவிட 50 விழுக்காடு அதிகமாக அழைப்பு வந்தது. விளம்பரம் எல்லாருக்கும் திறந்திருந்தது. படிப்பவரின் மனம் திறந்திருக்கவில்லை. மனிதர் வேண்டாம், இயந்திரமே மனுவைப் படிக்கட்டும் என்றால் சரியாகிவிடுமா? அமேசான் நிறுவனம் அப்படி ஒரு கணினி முறையை உருவாக்கிப் பார்த்தது. பழைய மனுக்களைக் காட்டி அதற்குப் பழக்கம் கொடுத்தார்கள். பழைய மனுக்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே அது பெண்களின் மனுக்களுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தது. அந்த முயற்சி கைவிடப்பட்டது என்ற செய்தி 2018-இல் வெளிவந்தது. பாட்டன் செய்த பாகுபாட்டைப் பேரன் செய்வதுபோல, மனிதர் செய்ததையே இயந்திரமும் செய்தது.

ஆகவே பெற்றோர்களே, நான் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துச் சொல்ல விரும்புவது இதுதான். செய்தி நம் கைக்கு வந்தது பெரிய மாற்றம். நம் முன்னோருக்குக் கிடைக்காத வசதி அது. ஆனால் செய்தியைக் கையில் வைத்திருப்பவர் அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவதாக, வேலை விளம்பரத்தை வேலை தேடும் நாளில்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் மகள் நான்காம் படிவத்தில் இருக்கும்போதே வங்கி வேலை விளம்பரம் பத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். என்ன படிப்புக் கேட்கிறார்கள், எந்த மொழிகள் கேட்கிறார்கள், கணக்கியலா புள்ளியியலா என்று அவளே ஒரு தாளில் எழுதட்டும். முன்பு அந்தத் தாள் இயக்குநரின் நண்பர் வீட்டில் மட்டும் இருந்தது. வேலைக்குப் போகும் வழியை வேலையின் வாயிலிருந்தே கேட்டு, அதற்கேற்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாவதாக, நான் முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன கேள்வி. ஆள் தேடும் செலவை யார் கொடுப்பது? 1973-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம், சில தொழில்கள் நீங்கலாக, வேலை தேடுபவரிடம் முகவர் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு ஒப்பந்தமும், சில விதிவிலக்குகளோடு, அதையே கூறுகிறது. வங்கித் தளத்திலும் வேலை கொடுப்பவர் பக்கம்தான் பணம் கொடுக்கிறது. நூறு ஆண்டுப் போராட்டத்தில் உலகம் கண்டறிந்த நியாயம் இது. ஆகவே யாராவது வந்து 'வேலை இருக்கிறது, முதலில் பதிவுப் பணம் கட்டு' என்றால், அவர் செய்தி கொண்டுவரவில்லை, வலை கொண்டுவருகிறார் என்று சந்தேகப்படுங்கள். 'பயணச் செலவும் நாங்களே தருகிறோம், சம்பளம் மலைபோல் தருகிறோம், படிப்பு வேண்டாம்' என்றால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுங்கள். 2022-ஆம் ஆண்டளவில் இப்படிப்பட்ட விளம்பரங்களை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போன மலேசியர் பலர், மோசடிக் கும்பல்களிடம் சிக்கி அடைபட்டுக் கிடந்தார்கள். கங்காணி காலத்துப் பாட்டனாருக்குச் செய்தியைச் சரிபார்க்க வழி இல்லை. பேரனுக்கு வழி இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அதன் அலுவலகத்துக்கே தொலைபேசியில் பேசிக் கேட்கலாம். அதுவரை அடையாள அட்டையின் படத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

மூன்றாவதாக, 1910-இல் தொடங்கிய அந்த அரசாங்கப் பலகையும் இணையத்துக்கு வந்துவிட்டது. மலேசியாவில் பெர்க்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளம் உண்டு. சிங்கப்பூரில் மைகெரியர்ஸ்ஃபியூச்சர் தளம் உண்டு. வேலை தேடுபவருக்கு இரண்டும் இலவசம். பொதுக் கடையில் தொடங்கி, தொழில் கைவந்த பிறகு பொற்கொல்லர் கடைக்குப் போகலாம்.

தெரிந்த முகம் வேண்டும் என்ற காலம் முற்றிலும் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். இன்றும் பரிந்துரைக்கு மதிப்பு உண்டு. ஆனால், வேலை இருப்பதே தெரியாமல் ஒரு பிள்ளை வீட்டில் இருந்துவிடும் காலம் போயிருக்க வேண்டும். அது இன்னும் நம் தோட்டத்தில் இருக்குமானால், குறை செய்தியில் இல்லை. செய்தியைத் திறந்து காட்ட வீட்டில் ஆள் இல்லாததில் இருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் மூத்த பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, அண்டை வீட்டுத் தம்பி தங்கைகளை அழைத்து உட்காரவைத்து, ஒரு மாலைப்பொழுது இதைக் கற்றுக்கொடுக்கட்டும். கங்காணி தம் உறவுக்குச் சொன்ன செய்தியை, இவர்கள் தோட்டம் முழுதுக்கும் சொல்லட்டும். இதற்குத் தலைக்காசு கிடையாது.